புரெவி வந்த இரவு

2020 டிசம்பர் 2. திருகோணமலையில் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் புரெவிப் புயல் கரையேறிய இரவு. பகலிலேயே வள்ளங்களை மேட்டுக்கு இழுத்தாகிவிட்டது. மீனவர் சங்கத்துப் பெடியன்கள் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களை முதலில் ஆட்டோவில் ஏற்றினார்கள். அம்மம்மா அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் சொப்பிங் பையில் சுற்றி மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். 2004இல் எதையும் எடுக்க நேரம் கிடைக்காதவர் அவர். அந்தச் சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே சிதைத்தது.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. இப்போது 117க்கு அழைக்கலாம். சரி, ஆனால் கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கையைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோவது யார்? கிராம சேவையாளர், மீனவர் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் அது நடக்கும். நகரங்களின் தாங்குதிறனுக்கான ஐ.நா.வின் 2030 திட்டமும் இந்தக் கூட்டு வேலையைத்தான் வலியுறுத்துகிறது.

புரெவி வந்த அன்றிரவு, தங்கப் போன பாடசாலையின் கேற்றடியில் அரை மணி நேரம் மழையில் நின்றோம். திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மம்மா நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாரி தொடங்கப் போகிறது. ஞாயிறு பின்னேரம் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள், முதலில் அந்தத் திறப்பைப் பற்றிப் பேசுவோம்.