கடைசி பில் நம்பர்

ஈரோட்டில் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் நான்தான், டேலி என்ற கணக்கு மென்பொருள் தொங்கினாலும் நான்தான். 2019 ஜூலை 17, புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு போன். லுங்கி, துண்டு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கும் அக்கா.

"தம்பி, டேலி தொறக்க மாட்டேங்குது. எல்லா ஃபைலும் வெள்ளைத் தாளாட்டம் நிக்குது. பேருக்குப் பின்னால என்னமோ வாலு ஒட்டியிருக்குது."

வால் என்ற சொல்லைக் கேட்டதுமே வயிறு கலங்கிவிட்டது. அந்த வருடம் இந்தியா முழுக்கச் சின்னக் கடைகளைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர் அது; கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். திருட்டு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும். கடைப் பையன் ஒருவன் ஆடித் தள்ளுபடிக்கு பிளெக்ஸ் டிசைன் பண்ண, படம் வரையும் மென்பொருள் ஒன்றை கிராக்கோடு இறக்கியிருந்தான். வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபியை மட்டும்தான் அது பூட்டும். ஆனால் கணக்குக் கோப்புக்குத் தலை போனால் எல்லாம் போன மாதிரிதான். போல்டருக்குப் போல்டர் 'ரீட்மீ' என்று ஒரு கடிதம். 980 டாலர் கேட்டிருந்தான். 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. திருடனும் தள்ளுபடி போடுகிறான்!

முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். "முப்பத்தி நாலாயிரம் பக்கம் வருதுங்களா தம்பி? கட்டிப்போட்டு வேலையப் பாப்பமா?"

"அதெல்லாம் வேண்டாங்ணா, பேக்கப் இருக்குது" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஒரு டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டி, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டேலி போல்டர் தானாக அதில் நகலாகும்படி இரண்டு வருடத்துக்கு முன் செய்து கொடுத்தவன் நான்தான்.

டிஸ்க் சிபியுவின் முதுகில்தான் இருந்தது. இரவும் பகலும் மாட்டியபடியே. எஃப் டிரைவைத் திறந்தேன். அங்கேயும் அதே வால், அதே கடிதம். கம்ப்யூட்டரின் கண்ணில் படுகிற டிரைவ் எல்லாம் வைரஸின் கண்ணிலும் படும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தினமும் கழற்றி மாட்டச் சொன்னால் யார் செய்யப்போகிறார்கள் என்று நானே முடிவு கட்டி விட்டுவிட்டேன்.

அதைவிட மோசமானது அடுத்துக் கண்ணில் பட்டது. டேலி ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் ஒரு எண் போட்ட போல்டரில் வைக்கும்: 10000, 10001 என்று. டிஸ்க்கில் 10000 மட்டும்தான் இருந்தது. ஏப்ரலில் புது வருடத்துக்காக அக்கா கணக்கைப் பிரித்திருக்கிறார். பிரித்ததும் புதுக் கணக்கு 10002-இல் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் எழுதி வைத்த கட்டளையோ 10000-ஐ மட்டும், அதாவது ஏப்ரலோடு நின்றுபோன பழைய கணக்கை, மூன்றரை மாதமாக ராத்திரிக்கு ராத்திரி பத்திரமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. வைரஸ் வராமல் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க் மட்டும் கெட்டுப் போயிருந்தாலும் அந்த நகல் ஒன்றுக்கும் ஆகியிருக்காது. இதை நான் முதலாளியிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

காப்பாற்றியது அக்காவின் டிபன் பை. ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைப் பதினோராம் தேதிக்குள் போட வேண்டும். பகலில் ஜிஎஸ்டி போர்ட்டல் நகராது என்று பத்தாம் தேதி சாயங்காலம் டேட்டாவைப் பென் டிரைவில் போட்டு, வீட்டில் மகனின் லேப்டாப்பில் ராத்திரி உட்கார்ந்து முடித்திருக்கிறார். அந்தப் பென் டிரைவ் டிபன் பாக்ஸுக்கு அடியில் அப்படியே கிடந்தது. "கடை டேட்டாவை வீட்டுக்கெல்லாம் கொண்டு போகாதீங்க்கா, வைரஸ் வரும்" என்று இரண்டு மாதம் முன்பு அவரை அதட்டியவன் நான். அக்கா அதை ஞாபகப்படுத்தவில்லை. பென் டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

சிஸ்டத்தைத் துடைத்து விண்டோஸ் போட்டு, பென் டிரைவில் இருந்ததை ஏற்றினோம். கடைசி பில் நம்பர் 1386. பில் ஃபைலில் இருந்த கார்பன் நகலில் கடைசி நம்பர் 1611. நடுவில் இருந்த 225 பில்லையும் திரும்ப ஏற்ற வேண்டும். அதில் பாதி, செவ்வாய்ச் சந்தைக்கு வந்த வியாபாரிகளுடையது.

ஏற்றுவது வெறும் தட்டச்சு வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். 1452-ஆம் பில் ரத்தானது என்பது யாருக்கும் ஞாபகமில்லை. நகலும் இல்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததைப் போட, டேலி தானாக நம்பர் கொடுக்க, அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று குறைந்துவிட்டது. முப்பது பில் தாண்டிய பிறகுதான் அக்கா கண்டுபிடித்தார். கேரளாவுக்குப் போன சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு உண்டு; அந்தப் போர்ட்டலில் ஏறிய பில் நம்பரும் நாங்கள் போட்டதும் ஒத்துப்போகவில்லை. அழித்துவிட்டு மறுபடி. நகல் மங்கியிருந்த இரண்டு பில்லுக்கு அந்தப் போர்ட்டல்தான் கை கொடுத்தது. வங்கிக்கு வந்த பணம் ஸ்டேட்மென்டில் கிடைத்தது. கைக்கு வந்த பணம்? முதலாளியின் சட்டைப்பை டைரி. அதில் "கொல்லம் 18" என்று ஒரு வரி. பதினெட்டாயிரமா, பதினெட்டு மூட்டையா என்று அரை மணி நேரம் ஓடியது. கொல்லத்துக்காரருக்கே போன் போட்டோம். பணம்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு 1611 வந்தது. சனிக்கிழமை 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கும் போட்டாயிற்று.

பூட்டிய கோப்புகளை அந்த டிஸ்க்கோடு பீரோவில் வைக்கச் சொன்னேன். அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இந்த வைரஸுக்கு இலவசச் சாவி வெளியிட்டபோது ஆசையாக ஓடினேன். கடிதத்தில் உள்ள அடையாள எண் 'டி1' என்று முடிந்தால் திறக்க வாய்ப்பு அதிகம். நம்முடையது அப்படி முடியவில்லை; திறக்கவும் இல்லை.

பிற்பாடு, புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் கிட்லாப் என்ற இணையதளத்தின் கதையைப் படித்தேன். 2017 ஜனவரி 31-இல் அங்கே ஒரு பொறியாளர் தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. காப்பு வழிகள் என்று ஐந்து வைத்திருந்தார்கள், ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த நகல் ஒன்று கிடந்ததால் தப்பித்தார்கள். அவர்களுக்கும் ஒரு டிபன் பை இருந்திருக்கிறது.

அந்தக் கடையில் இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று கடையில், ஒன்று முதலாளி வீட்டில், சனிக்கிழமை மாற்றிக்கொள்வார்கள். நகல் முடிந்ததும் கழற்றி வைப்பது அக்கா பொறுப்பு. டேலியின் டேட்டா போல்டர் முழுவதும் போகிறது, எண் பார்ப்பதில்லை. கூகுள் டிரைவ் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே கெட்டுப்போன கோப்பு அங்கேயும் கெட்டுப்போய்ச் சேர்ந்துவிடும். பழைய பதிப்பைத் தேடி எடுக்கலாம்தான். ராத்திரி பதினொரு மணிக்குத் தேடத் தெரிந்தவர் கடையில் இருக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒரு தடவை வீட்டு டிஸ்க்கை வாங்கி என் லேப்டாப்பில் ஏற்றிப் பார்க்கிறேன். டேலியில் பழகிப் பார்ப்பதற்கான எஜுகேஷனல் மோடு இருப்பதால் லைசென்ஸ் இல்லாமலே திறந்து பார்க்கலாம். டிஸ்க் கைமாறும்போதே அக்கா கடைசி பில் நம்பரையும் வங்கி இருப்பையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்வார். போனில் அவர் படிக்க, நான் சரி பார்க்க வேண்டும். இதற்கு ஐந்நூறு ரூபாய் வாங்குகிறேன். "ஒண்ணுமே ஆகலியே, எதுக்கு ஐந்நூறு?" என்று வேறு கடைக்காரர்கள் கேட்பதுண்டு. இந்த முதலாளி கேட்டதில்லை.

பல மாதம் சரியாகவே வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை.

"நாலாயிரத்து முந்நூத்திப் பதினெட்டு" என்றார் அக்கா.

என் திரையில் 4271. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதேதான். டிஸ்க்கின் பண்புகளைத் திறந்து பார்த்தேன்: காலி இடம் பூஜ்யம். பழைய நகல்கள் நிரம்பி, நடு வாரத்திலேயே காப்பி நின்றுபோயிருக்கிறது. கடைத் திரையில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

"அக்கா, கடையில இருக்கிற டிஸ்க்கை இப்ப மாட்டாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினேன்.