‘ஆர் மூலமா?’ எண்டு கேட்காததால எனக்கு ஒரு வருசம் போச்சு

ரிசல்ட்ஸ் வந்து மூண்டு நாள். பி பிளஸ். போன முறை இதே பொதுசன அபிப்பிராயப் பேப்பரிலதான் விழுந்தனான், வெளிவாரியா டிகிரி செய்யிற ஆக்களுக்குத் தெரியும் ஒரு பேப்பர் விழுந்தா என்ன கதை எண்டு, அதால இந்தப் பேப்பர் எழுதப் போற ஆக்களுக்குக் கொஞ்சம் கசப்போடதான் எழுதுறன்.

முதல் முறை கிளாஸில தந்த நோட்ஸை அப்படியே பாடமாக்கினனான். பத்திரிகை, ரேடியோ, டிவி, பேஸ்புக், ஒவ்வொண்டுக்கும் நன்மை அஞ்சு தீமை அஞ்சு. கேட்டது தகவல் சூழல் மாறினா அரசியல் நடத்தை எப்படி மாறும் எண்டு. நான் மூண்டு பக்கத்துக்கு ‘பேஸ்புக் மக்களை மாத்திப் போட்டுது’ எண்டதையே திருப்பித் திருப்பி எழுதி வச்சிருக்கிறன். ஆரை, ஆர் மூலமா மாத்தினது? ஒண்டும் இல்ல.

அது விளங்கினது உப்புவெளியில மாமாட சலூனில. சின்னனில ஞாயிறு வீரகேசரியை அவர்தான் உரத்து வாசிப்பார், வாசிச்சு மடிச்சிட்டு “இவங்கள் ஒண்டும் தரமாட்டாங்கள்” எண்டா காத்திருக்கிற நாலு பேரும் அந்த முடிவோடதான் வீட்ட போவினம். இப்ப பேப்பர் இல்ல, ஒராளுக்கு முகத்தில நுரையோட அப்படியே விட்டிட்டு, பெருவிரலால தள்ளித் தள்ளி, கனக்கப் பேர் ஃபோர்வேர்ட் பண்ணினது எண்டு ரெட்டை அம்புக்குறி போட்ட மெசேஜ் ஒண்டை வாட்ஸ்அப் குடும்பக் குறூப்புக்கு அனுப்புறார். சாமான்தான் மாறினது, ஆள் அதே ஆள். லாசர்ஸ்ஃபெல்ட் எண்ட சமூகவியல் ஆய்வாளரிட ஆக்கள் 1940 தேர்தல் நேரம் அமெரிக்காவில ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில மே தொடங்கி நவம்பர் மட்டும் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டுக் கண்டதும் இதுதான், ரேடியோவும் பேப்பரும் நேர வாக்காளருக்குப் போகேல்ல, இடையில ஒரு மாமா நிண்டார். இதுக்குப் பேர்தான் இருபடிப் பாய்ச்சல். இதைப் பிடிச்சா பாதிப் பேப்பர் முடிஞ்சுது (என்னைக் கேட்டா முழுப் பேப்பரும்).

அப்ப என்னதான் மாறினது எண்டு கட்டாயம் எழுதுங்க. சலூனில மாமா பிழையா சொன்னா கதிரையில இருக்கிறவர் “சும்மா இரு” எண்டுவார். ஃபோர்வேர்டுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்ல. 2018 பெப்ரவரி கடைசியில அம்பாறையில முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கருத்தடை மருந்து கலந்தது எண்டு ஒரு வீடியோ ஓடி, கடையும் பள்ளிவாசலும் உடைஞ்ச பிறகுதான் அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாவுக் கட்டி எண்டு சொன்னது. வீடியோ ஓடின வேகத்தில அறிக்கை ஓடேல்ல.

மற்றது சுருக்கமா:

- நிகழ்ச்சிநிரல் அமைத்தல்: ஆய்வாளர் மக்கோம்ஸ், ஷோ, அமெரிக்காவில சப்பல் ஹில் ஊர், 1968 தேர்தல், முடிவெடுக்காத 100 வாக்காளர், கட்டுரை 1972. ‘என்ன யோசிக்கிறது எண்டு இல்ல, எதைப் பற்றி யோசிக்கிறது எண்டுதான் ஊடகம் சொல்லும்’ எண்ட கருத்து கோஹன் 1963ல சொன்னது, மக்கோம்ஸிட தலையில கட்டாதீங்க.
- மௌனச் சுழல், நொயெல் நொய்மான், 1974: தங்கட கருத்துக்கு ஆள் குறைவு எண்டு நினைக்கிற ஆக்கள் வாய் திறக்க மாட்டினம். எங்கட குறூப்பில அறுபது பேர், கதைக்கிறது நாலு பேர். மிச்ச ஆக்களுக்கும் சம்மதம் எண்டு நினைக்காதீங்க, வாக்குப் பெட்டிக்கு முன்னால அட்மின் இல்ல.
- சமூக ஊடகத் தடை: 2018 மார்ச் கண்டிக் கலவரம், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2022 ஏப்ரல் 3 அரசுக்கு எதிரான போராட்ட நேரம். கடைசித் தடைக்கு சனம் விபிஎன் போட்டு அதைச் சுத்திப் போய்க்கொண்டு இருந்தது, தடை அண்டைக்கே எடுபட்டுது. மூண்டையும் ஒரே வசனத்தில அடைக்காதீங்க.
- 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில போடுறதைக் கட்டுப்படுத்திறது. ரெண்டு வரி காணும்.

நேரம் பிரிக்கிறது, கலர் பேனை எல்லாம் எனக்குச் சரிவராது, பாடமாக்கியும் சரிவரேல்ல, ஆரையும் ரெண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னா இருப்பன். பாடமாக்க ஏலுமான ஆக்கள் வேற ஆரையும் கேளுங்க.

மாமாக்கு பி பிளஸ் எண்டுதான் சொன்னனான். குறூப்பில ‘ஏ’ எண்டு போட்டிருக்கிறார், பின்னேரத்துக்குள்ள கனடாவில இருந்து வாழ்த்து வந்திட்டுது. நான் ஒண்டும் சொல்லேல்ல.