உப்புக் காற்றில் பனிமய மாதா

தூத்துக்குடியில் பனி ஏது, அப்புறம் ஏன் பனிமய மாதா என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். ரோமில் ஓர் ஆகஸ்ட் 5 அன்று, கொளுத்தும் கோடையில் ஒரு குன்றின் மேல் மட்டும் பனி பெய்து, மாதா தனக்குக் கோயில் கட்ட இடம் காட்டினாளாம். 'பனிகளின் மாதா' என்று பொருள்படும் போர்ச்சுகீசியப் பெயர்தான் நம்மவர் வாயில் 'தஸ்நேவிஸ் மாதா' ஆனது.

இந்த முறை பனிமய மாதா கோயில் திருவிழாவின் ஜூலை 26 கொடியேற்றத்துக்கே போய்விட்டேன். விடிவதற்குள் பீச் ரோடு நிறைந்துவிட்டது. கொடி மேலே போனதும் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சைரன் ஊத, "மரியே வாழ்க" என்று கூட்டம் முழங்கியது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, சொம்புப் பாலைக் கொடிமரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, ஈரக் கையாலேயே பேரனின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

கூட்டம் குறைந்த பிறகு உள்ளே போனேன். பீடத்தின் நடுவே, உயரத்தில், குழந்தை இயேசுவோடு மாதா. மரத்தால் செய்த இந்தச் சொரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்வார்கள். முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரையின் பரதவர் ஞானஸ்நானம் பெற்று அப்போது இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 1658-இல் கத்தோலிக்கத்தை எதிர்த்த டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது, சொரூபத்தை வெளியூருக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்திருக்கிறார்கள். 1707-இல் சொரூபத்தின் காலடியில் இடி விழுந்தும் மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இங்கே இன்றும் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் விஜிலியுஸ் மான்சி என்ற இயேசு சபைக் குரு இந்தக் கோயிலைக் கட்டினார். 1713 ஆகஸ்ட் 5 அன்று அர்ச்சிப்பு, அதாவது கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கு. முகப்பு போர்ச்சுகீசிய பாணி என்றாலும், ஊர் அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது! கட்டடத்தின் அழகைவிட அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1982-இல் இது பேராலயமாக உயர்த்தப்பட்டது.

தங்கத் தேரை இன்னும் நான் பார்த்ததில்லை. 1806-இல் முதன்முதலில் ஓடிய தேர், எப்போதாவதுதான் வீதிக்கு வரும். கோயிலின் 300-ஆம் ஆண்டான 2013-இல் வந்தது. அப்போது அம்மா வடம் பிடித்தார். நான் வெளியூரில் இருந்தேன்.

புறப்படும்போது கொடிமரத்தடி இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரலில் பால் வாசனை.