ரோமானியர்களின் பிற்பகல்

ரோமானியர்கள் எப்படிப் பொழுதைப் போக்கினார்கள் என்று கேட்டால் எல்லோரும் உடனே கொலோசியம், கிளாடியேட்டர் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் விழா நாட்களில் நடப்பது. சாதாரண நாளில், விடிந்ததும் தொடங்கிய வேலையை மதியத்தோடு முடித்துவிட்டு அவர்கள் போன இடம் குளியல்கூடம். எனக்கு ரோம் மீது பிரியம் வந்ததே அதனால்தான்.

கட்டணம் ஒரு குவாட்ரன்ஸ், அவர்களுடைய செம்புக் காசுகளிலேயே மிகச் சிறியது, அதனால் ஏழையும் வரலாம் செனட்டரும் வரலாம். உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசிக்கொண்டு பந்து, மல்யுத்தம் என்று வியர்க்க வியர்க்க விளையாடுவார்கள். அப்புறம் ஸ்ட்ரிஜில் என்ற, அரிவாள் போல வளைந்த உலோகக் கருவியால் எண்ணெய், வியர்வை, அழுக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வழித்தெடுத்துவிட்டு, வெதுவெதுப்பான அறை, வெந்நீர் அறை, கடைசியில் குளிர்ந்த நீரில் ஒரு முங்கு. கி.பி. 216இல் திறந்த கரகல்லா குளியல்கூடத்தில் ஒரே நேரத்தில் சுமார் 1600 பேர் குளிக்கலாம்.

இந்த அறைகளைச் சூடாக்க, தரையைச் செங்கல் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் உலையின் சூட்டை ஓடவிட்டார்கள். அந்த உலைக்குப் புகையில் நின்று விறகு தள்ளியவர்கள் பெரும்பாலும் அடிமைகள். அதை மறந்துவிட்டு இந்த இடங்களை ரசிக்க என்னால் முடிவதில்லை.

தத்துவஞானி செனெகா ஒரு குளியல்கூடத்துக்கு மேலேயே குடியிருந்து, அதன் சத்தத்தைப் பற்றி ஒரு கடிதமே எழுதியிருக்கிறார். எடை தூக்குபவர்களின் முக்கல், எண்ணெய் தேய்ப்பவன் தோளில் தட்டும் ஓசை, ஒருவன் தண்ணீரில் தொப்பென்று குதிப்பது, தின்பண்டம் விற்பவர்களின் கூவல். அக்குள் முடி பிடுங்குபவன் இருக்கிறானே, அவன் கீச்சுக்குரலில் ஆள் பிடித்துக்கொண்டே இருப்பான், வாடிக்கையாளர் கிடைத்துவிட்டால் அவர் அலறல் தொடங்கிவிடும்! செனெகாவுக்கு அது தொல்லை. எனக்கு அந்தப் பிற்பகல் அப்படியே காதில் விழுகிறது.

எல்லோருக்கும் ஒரே விலை என்றும் இல்லை. இன்றைய போர்ச்சுகலில் உள்ள விபாஸ்கா சுரங்க ஊரில் கிடைத்த வெண்கலத் தகட்டின்படி காலையில் பெண்கள், பிற்பகலில் ஆண்கள். பெண்களுக்கு அஸ் என்ற காசு ஒன்று, ஆண்களுக்குப் பாதி அஸ். இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ரோமானியப் பேரரசர் டிராஜன் கி.பி. 100இல் அமைத்த திம்காத் நகரம் அல்ஜீரியாவில் இருக்கிறது. அங்கே தரைக்கல்லில் ஒருவர் செதுக்கிய வாசகம்: வேட்டை, குளியல், விளையாட்டு, சிரிப்பு, இதுதான் வாழ்க்கை. லத்தீனில் அது ஆறு துண்டுகள், துண்டுக்கு ஆறு எழுத்து. அவர்களுடைய காய் நகர்த்தும் ஆட்டப் பலகைகளின் அமைப்பு அது. ‘இதுதான்’ என்பதற்கு மட்டும் இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு துண்டாக்கி, எழுத்தையும் சற்று மாற்றி எழுதியிருக்கிறார்.