கடையை மூட வைத்தவன்

ஜூன் 3, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ‘யூவ் காட் மெயில்’ போட்டேன். 1998இல் வந்த படம், எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்ற கணக்கெல்லாம் விட்டுப்போயிற்று. டயல்-அப் இணைப்பு கரகரவென்று கத்தும்போதே பாதி மயங்கிவிடுகிறேன்.

மெக் ரையான், அதாவது கேத்லீன், குழந்தைகளுக்கான சின்னப் புத்தகக் கடை வைத்திருக்கிறாள். டாம் ஹாங்க்ஸ், அதாவது ஜோ, அருகிலேயே பிரம்மாண்டமாக ஒன்று திறக்கிறான். நேரில் பார்த்தால் சண்டை. மின்னஞ்சலில், யாரென்றே தெரியாமல், அப்படி ஒரு நெருக்கம்.

நியூயார்க்கில் இருக்கும் அத்தனை பேரில் இந்த இருவர்தானா எழுதிக்கொள்ள வேண்டும்? அந்தக் கேள்வியே எனக்கு எழவில்லை. தற்செயலை நோண்ட ஆரம்பித்தால் அப்புறம் எந்தக் காதல் நகைச்சுவையையும் பார்க்க முடியாது. இருவருக்கும் ஏற்கெனவே ஆளுக்கொரு துணை இருக்க, அந்த உறவுகள் வலிக்காமல் கழன்று விழுவதைக்கூட விட்டுவிடலாம். உறுத்தியது வேறு. பாதிப் படத்திலேயே ஜோவுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவனால் கடையையே மூட நேர்ந்த கேத்லீனுக்குக் கடைசிவரை தெரியாது.

ஜூன் 5, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். “நீ படம் பார்க்கிறாயா, விசாரணைக் கமிஷன் நடத்துகிறாயா?” என்றாள்.

அவன் அந்த நாட்களில்தான் திருந்துகிறான் என்பது அவள் கட்சி. ஜலதோஷத்தில் கிடக்கிறவளைப் பார்க்க டெய்சிப் பூக்களோடு வருகிறானே, அது பொய்யா? பொய் இல்லைதான். ஆனால் அவன் வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறவன். அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்குக் கலங்குவாள் என்பதெல்லாம் அவனுக்கு வந்த கடிதங்களிலேயே இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கினால் என்ன ஆச்சரியம்?

“எல்லாக் காதலிலும் யாராவது ஒருத்தருக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரிந்துதான் இருக்கும்” என்றாள் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை, பேச்சை மாற்றிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூலத்தையே பார்த்துவிடலாம் என்று 1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’. ஹங்கேரிய நாடகம் ஒன்றிலிருந்து வந்த கதை. புடாபெஸ்ட்டில் ஒரே கடையில் வேலை செய்யும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும், தெரியாமல் கடிதக் காதலர்கள். (கேத்லீன் கடைக்கும் இதே பெயர்தான், அது எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது அல்லவா!)

இதிலும் அவனுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவனும் விளையாடுகிறான்: உன் கடிதக்காரரைப் பார்த்தேன், பெயர் பாப்கின், குண்டு, வழுக்கை என்று அளந்துவிடுகிறான். இருந்தும் எனக்குக் கோபம் வரவில்லை. உணவகத்தில் அவளைக் கண்டுகொள்ளும் அன்றுதான் அவனுக்கு வேலை போயிருக்கிறது. கடிதத்தின் ரகசியம் கையில் இருக்கிறது, சட்டைப் பையில் சம்பளம் இல்லை. பிறகு திரும்ப எடுத்து மேலாளராகவே ஆக்கிவிடுகிறார்கள் என்றாலும், அவளிடமிருந்து அவன் எதையும் பறிக்கவில்லை.

முடிவில் அவள், உங்கள் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள் என்கிறாள். வளைந்த காலா என்று பார்க்க வேண்டுமாம். அவளும் ஒரு பரீட்சை வைத்துவிட்டாள். அந்த இடத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

மறுபடி 1998, கடைசிப் பகுதி மட்டும். முன்பெல்லாம் எப்படி இதைக் கவனிக்காமல் விட்டேன்?

பூங்காக் காட்சிக்குச் சற்று முன்னால் ஜோ கேட்கிறான்: சொன்னபடி வராமல் ஏமாற்றிய அந்த மின்னஞ்சல் ஆளை மன்னிக்க முடிகிறது, உன் கடையை மூட வைத்த இந்தச் சின்னஞ்சிறு விஷயத்துக்கு என்னை மன்னிக்க முடியாதா? சின்னஞ்சிறு விஷயமாம்! நான் வாரம் முழுக்கப் பிடித்துத் தொங்கிய குறையை அவனே வேடிக்கையாகச் சொல்லிவிட்டான். அதாவது, எழுதிய நோரா எஃப்ரானுக்கும் இது நம்பக் கடினமான இடம் என்று தெரிந்தே இருக்கிறது.

கேத்லீன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முகம் கலங்குகிறது, போக வேண்டும் என்று கிளம்பிவிடுகிறாள். பூங்காவில் அவன் நாயோடு வரும்போது, நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏங்கினேன் என்கிறாள். கடையைப் பற்றிய பதில் அப்படியே பாக்கி நிற்கிறது. எனக்கு அது போதுமா? தெரியவில்லை. கண் மட்டும் ஈரமாகிவிட்டது, வழக்கம்போல.

அக்காவுக்குப் பழைய படத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்கு ஒற்றை வரிச் செய்தி: “பாப்கின் வந்தாச்சு, பேசாதே.”