ஒலிவமலையில் கேட்ட ‘ஐயோ’

ஒலிவமலையில் பஸ் நின்றதும் எல்லாரும் எதிரே தெரிந்த எருசலேமைப் படம் பிடிக்க ஓடினார்கள். எனக்கோ பார்வை கீழே போனது. கீதரோன் பள்ளத்தாக்குவரை வெயிலில் வெளுத்த யூதக் கல்லறைகள். பூவில்லை, மாலையில்லை, வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன சிறு கற்கள்தான்.

“உங்களுக்கு ஐயோ, வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பாயிருக்கிறீர்கள்.” வேதபாரகரையும் பரிசேயரையும் பார்த்து இயேசு சொன்னது. மத்தேயு 23, ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம். அந்த வெள்ளை அழகுக்காக அடித்தது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பஸ்கா பண்டிகைக்கு முந்தின ஆதார் மாதத்தில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் போடுவார்கள் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. தெரியாமல் மிதித்துவிட்டால் தீட்டு. தீட்டுப்பட்டவர் பண்டிகை ஆசரிக்க முடியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விலகி நடக்கத்தான் அந்த வெள்ளை. கிட்டே வராதே என்று சொல்லும் நிறத்தையா ஆண்டவர் பக்திமான்களுக்கு ஒப்பிட்டார்! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பரிசேயர் என்பவர்கள் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர். எங்கள் சபையில் ‘பரிசேயன்’ என்பது மாயக்காரன் என்று திட்டும் வசைச்சொல். அது அநியாயம். தன் நற்கிரியைகளைத் தோளில் சுமந்து ஊருக்குக் காட்டும் பரிசேயனை மிஷ்னாவுக்கு ரபீக்கள் தந்த விளக்கமான எருசலேம் தல்மூதே கண்டிக்கிறது. உள்ளும் புறமும் ஒன்றாயிராத மாணவன் பாடசாலைக்குள் வரக் கூடாது என்றார் யூத ரபீ இரண்டாம் கமாலியேல். அந்நாளைய எருசலேம் தேவாலயத்தில் இரகசிய அறை ஒன்றுகூட இருந்ததாம். கொடுப்பவர் மறைவாகப் போடுவார். நல்ல குடும்பத்து ஏழைகள் மறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

மறைவாக! நாங்கள் கோயிலுக்குக் கொடுத்த பெஞ்சுகளில் குடும்பப் பெயரை எழுதச் சொன்னவள் நான். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று பெயின்டரை மறுபடி வரவழைத்தவளும் நான்தான்.

மாலையில் அந்தத் தேவாலய வளாகத்தின் மேற்குச் சுவர், யூதர்கள் ஜெபிக்கும் இடம்; பெண்கள் பக்கம். எனக்கு அடுத்து ஒரு பாட்டி. ஜெபப் புத்தகத்தின் அட்டை பிய்ந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. உதடு மட்டும் அசைகிறது, சத்தமே இல்லை. வேதத்தில் சத்தமில்லாமல் ஜெபித்த அன்னாளை ஆசாரியனான ஏலி குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தது இப்படிப் பார்த்துத்தானே. முடித்ததும் புத்தகத்தை முத்தமிட்டு, சுவருக்கு முதுகு காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார். அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன். கல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியை வைத்தேன். வீடு, பிள்ளைகள், வியாதிக்காரர்கள் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்; முதலில் வந்தது அந்தப் பெஞ்சுகள்தான்.