சாட்சியின் முகமும் ஜூரரின் தீர்ப்பும்

சாட்சிகளை விசாரணைக்குத் தயார்செய்யும் வேலையில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "நான் உண்மையைத்தானே சொல்லப்போகிறேன், எனக்கு எதற்குப் பயிற்சி?" உண்மை பேசுபவருக்குத்தான் அது அதிகம் தேவை. இட்டுக்கட்டிப் பேசப்போகிறவர் வீட்டிலேயே ஒத்திகை முடித்துவிட்டு வருகிறார்.

ஜூரர்கள், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள், சாட்சிக் கூண்டில் இருப்பவரின் முகத்தைப் படிக்கிறார்கள். கேட்டதும் பதில் வருகிறதா, பார்வை கீழே போகிறதா, தண்ணீர்க் குவளையைத் தொடுகிறாரா என்று பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் நீதிபதி ஜூரருக்குச் சொல்லும் அறிவுறுத்தலிலேயே, சாட்சி நடந்துகொண்ட விதத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோல் மோசமானது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளை 2006இல் உளவியலாளர்கள் பாண்ட், டிபாலோ இருவரும் தொகுத்தபோது, பொய்யையும் மெய்யையும் மக்கள் பிரித்துச் சொன்னது சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரியாக இருந்தது. காசைச் சுண்டினாலே ஐம்பது வரும். பொய்யைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. காரணம் எளிது: நடுக்கமும் தடுமாற்றமும் பயத்தின் அடையாளங்கள். கூண்டில் ஏறினால் யாருக்கும் பயம் வரும்.

பொய்யரைவிட அதிக சேதம் செய்வது, உண்மை என்றே நம்பித் தவறாகச் சொல்பவர்தான். ஆள் அடையாளம் காட்டும் சாட்சியங்களில் இதைப் பார்க்கலாம். சந்தேக நபரின் படத்தை வேறு சிலர் படங்களோடு கலந்து காட்டும் புகைப்பட வரிசையைப் பார்த்தபோது "இவராக இருக்கலாம்" என்று இழுத்தவர், விசாரணை நாளில் "அந்த முகத்தை மறக்கவே முடியாது" என்கிறார். இடையில் நடந்தது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம். உளவியலாளர்கள் வெல்ஸ், பிராட்ஃபீல்டு 1998இல் செய்த சோதனையில், உண்மையான குற்றவாளியின் படமே இல்லாத வரிசையிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். பிறகு சிலரிடம் மட்டும், சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள் என்று சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள், காட்டும்போதே தங்களுக்கு உறுதி இருந்தது, முகம் நன்றாகத் தெரிந்தது என்றுகூடச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நினைவே திருத்தப்பட்டுவிட்டது. அப்படிப்பட்டவரின் முகத்தில் ஜூரர் எதைத் தேடிக் கண்டுபிடிப்பார்?

அதனால்தான் வரிசையைக் காட்டும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியக்கூடாது. ஆள் அதில் இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாட்சி வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகளை, தயக்கத்தோடு சேர்த்து, அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். குறுக்கு விசாரணையில் வேலைக்கு ஆகிற ஆயுதம் அந்தத் தாள்தான். சாட்சியை நோக்கிக் குரலை உயர்த்துவது ஜூரரின் அனுதாபத்தை அவர் பக்கம் தள்ளிவிடும். இங்கிலாந்தில் 1976இன் டர்ன்புல் தீர்ப்புக்குப் பிறகு, வழக்கு பெரும்பாலும் அடையாளத்தையே நம்பியிருந்தால், நம்பும்படி பேசும் சாட்சியும் தவறியிருக்கலாம் என்று நீதிபதி ஜூரரை எச்சரித்தாக வேண்டும்.

அடுத்தது, சாட்சியங்களை எந்த வரிசையில் வைப்பது என்பது. ஜூரர்கள் சாட்சியங்களைக் கூட்டிக் கழிப்பதில்லை, கதையாகக் கோக்கிறார்கள். உளவியலாளர்கள் பென்னிங்டன், ஹேஸ்டி 1980களில் செய்த சோதனையில், அரசுத் தரப்பு சாட்சியம் சம்பவம் நடந்த வரிசையிலும் எதிர்த்தரப்பினுடையது சாட்சிவாரியாகவும் வந்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். அதையே மாற்றி வைத்தபோது 31 சதவீதம். சாட்சியம் ஒன்றுதான், அடுக்கிய விதம்தான் வேறு. நடைமுறையில் சாட்சியாக வரும் மருத்துவருக்கு எந்த நாள் ஓய்வு என்பதை வைத்தே சாட்சி வரிசை அமையும் என்பதால், கதையைத் தொடக்க உரையிலேயே முழுசாகச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்து ஓட்டையையும் நாமே, எதிர்த்தரப்பு தொடுவதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அதை உரையின் முதலிலோ முடிவிலோ வைக்காமல் நடுவில் வைப்பதே எங்கள் வழக்கம்.

பயிற்சிக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தின் குற்ற வழக்குகளில் சாட்சியை ஒத்திகை பார்க்க வைப்பது கூடாது. நீதிமன்ற நடைமுறையை அறிமுகம் செய்யலாம். அமெரிக்காவில் ஒத்திகைக்கு இடமுண்டு, சொல்ல வேண்டியதை ஊட்டிவிடத்தான் கூடாது. பழைய வாக்குமூலத்தை ஒருமுறை படிக்கச் சொல்வது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழக்குவது, நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லத் துணிவு கொடுப்பது: இவை போதும். அதற்கு மேல் போனால் இரண்டு சாட்சிகள் ஒரே சொற்றொடரைச் சொல்வார்கள். ஜூரர்கள் பன்னிரண்டு பேரில் ஒருவராவது அதைக் குறித்துக்கொள்வார்.

அனுபவமுள்ள எதிர்த்தரப்பு வக்கீல் சாதாரணமாகக் கேட்பார்: "இந்தச் சாட்சியத்தைப் பற்றி முன்பே யாரிடமாவது பேசினீர்களா?" பேசியது குற்றமோ என்று பயந்து நேர்மையான சாட்சி "இல்லை" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லும் ஒரே பொய் அதுதான், அடுத்த கேள்வியிலேயே அது உடைந்தும் போகும். "ஆமாம், எங்கள் வக்கீலிடம் பேசினேன்" என்பதுதான் பதில். அதைச் சொல்லலாம் என்று முந்தின நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.